கிளாப் அடித்த கை

(ஒன்பது ஆண்டுகள் உதவி இயக்குநர், பிறகு சொந்தமாக இரண்டு படங்கள். ஒன்று ஓடியது. மற்றொன்று நான்காம் நாளே தியேட்டரை விட்டு இறங்கியது. இந்தத் தகுதியோடுதான் இந்த மாதக் கேள்விகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.)

நான்கு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். யாரிடமும் உதவி இயக்குநராகச் சேராமல் நேரடியாகப் படம் இயக்க முடியாதா?
(திண்டுக்கல் வாசகர்)

முடியும். மணிரத்னம் யாரிடமும் கிளாப் அடித்தவரில்லை. 1983இல் கன்னடத்தில் முதல் படத்தை எடுத்துவிட்டார். கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி வழியாக வந்தவர்கள். 2012இல் ‘பீட்சா’, 2013இல் ‘சூது கவ்வும்’. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. புட்டண்ணா கனகலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பாண்டியராஜனும் பார்த்திபனும். நான்கு தலைமுறை. இவர்களில் ஒருவர் படம் இன்னொருவர் படம்போல இருக்காது. அப்படியானால் குருவிடமிருந்து என்னதான் கைமாறியது?

எனக்குக் கைமாறியதைச் சொல்கிறேன். முதல் படத்தில் என் வேலை கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கக் குறித்துவைப்பது. சண்டைக் காட்சியில் கதாநாயகனுக்குக் கையில் காயம், துணிக்கட்டு. காட்சியின் மீதிப் பாதியைப் பத்தொன்பது நாள் கழித்து வேறு ஊரில் எடுத்தோம். குறிப்பேட்டைப் புரட்டினால் என் கையெழுத்தில் ‘கையில் கட்டு’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கை? எனக்குத் தெரியவில்லை. கதாநாயகன் ‘வலது’ என்றார், ஒப்பனைக்காரர் ‘இடது’ என்றார். வலது என்று எடுத்தோம். எடிட்டிங் மேசையில் பார்த்தால் இடது. அரை நாள் வேலை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. இயக்குநர் திட்டவில்லை. குறிப்பேட்டை மூடி என் கையில் கொடுத்து, “இதில் இனிமேல் பால் கணக்கு எழுதிக்கொள்” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த படத்தில் நான் எழுதியது இது: ‘இடது கை, மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் தள்ளிக் கட்டு, முடிச்சு உள்பக்கம், ரத்தக் கறை ஐம்பது பைசா அளவு.’ பிற்பாடு திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது கை தானாகவே அப்படித்தான் எழுதியது. குறும்படத்தில் நண்பர்கள் சம்பளமில்லாமல் வருவார்கள், நாளை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நூற்றைம்பது பேர் சாப்பிடும் படப்பிடிப்பில் சூரியன் இறங்கும்போது இன்னும் மூன்று ஷாட் பாக்கி இருக்கும். எதை விடுவது என்று பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒரு படத்திலாவது அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்பது ஆண்டுகள் வேண்டாம், அது என் சோம்பல்.

சிறுகதைகள் எழுதுகிறேன். படிப்பவர்கள் ‘சினிமாபோல இருக்கிறது’ என்கிறார்கள். திரைக்கதையாக மாற்ற என்ன செய்ய வேண்டும்? கதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.
(கோவில்பட்டி வாசகி, ஆசிரியை)

கதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் சினிமாபோல இல்லை. ‘அப்பாவின் நினைவு அவளை அரித்தது’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிக்கு முன்னால் கேமராவை எங்கே வைப்பேன்?

உங்கள் கதையிலேயே விடை கிடக்கிறது. அப்பாவின் பழைய டிவிஎஸ் 50 வாசலில் நிற்பதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வரட்டும். வண்டி ஓடுகிறதா என்று பெடலை மிதிக்கட்டும். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை கிளம்புகிறது. உள்ளே அம்மா, பழக்கத்தில், அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போடுகிறாள். மகள் அதைப் பார்க்கிறாள். வசனம் வேண்டாம். ‘அரித்தது’ என்ற சொல்லும் வேண்டாம்.

நான் நீளக் குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதுக்குக் கேட்பதையும் எழுதுகிறேன். மனதுக்குள் நடப்பதற்குப் பக்கமே கிடையாது. திரைக்கதை எழுத மென்பொருள் எது என்பதெல்லாம் அப்புறம்.

கதையைச் சொன்னால் திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
(சேலம் வாசகர்)

திருடுவார்கள். என் காட்சி ஒன்று இன்னொருவர் படத்தில் மழையோடு வந்தது; நான் மழை எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முழுத் திரைக்கதையை எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். ‘முழு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கதைக் கருவுக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. ‘அண்ணன் தம்பி பகை’ என்று டீக்கடையில் சொன்னது உங்கள் சொத்து ஆகாது. தொண்ணூறு பக்கம் எழுதியது ஆகும்.

இன்னொன்று, 2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு எழுத்தாளருக்கு ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் மகிழ்ச்சியில் யாரும் அதைப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

தரமணி திரைப்படக் கல்லூரியில் படிக்கலாமா?
(கடலூர் வாசகர்)

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் என்றால் தாராளமாக. எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் பட்டப்படிப்பாகவே இருக்கிறது.

வயது 34. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவி, ஒரு குழந்தை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடலாமா?
(திருப்பூர் வாசகர்)

வராதீர்கள். உதவி இயக்குநருக்குப் படப்பிடிப்பு உள்ள நாளில் பேட்டா உண்டு. இல்லாத நாளில் இல்லை. இல்லாத நாட்கள்தான் அதிகம். சாலிகிராமத்தில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம், எவருக்கும் குழந்தை இல்லை என்பதால் அது வேடிக்கையாக இருந்தது.

இயக்குநர் கே. பாலசந்தர் ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 1930இல் பிறந்தவர், ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதியது 1964இல். கணக்கு எழுதுபவர்தானே, கழித்துப் பாருங்கள். மறு ஆண்டு ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை எழுதுங்கள். ஒரு திரைக்கதை முடிந்ததும் எனக்கு மறுபடி கடிதம் போடுங்கள், அப்போது வேலையை விடுவதைப் பற்றிச் சண்டை போடலாம்.

தயாரிப்பாளரிடம் கதை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எப்படிப் பழகுவது?
(தஞ்சாவூர் வாசகர்)

சினிமாவில் இல்லாத ஒரு நண்பனிடம் முழுக் கதையையும் இரண்டு மணி நேரம் சொல்லுங்கள். அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். போனை எடுத்தால் அந்தக் காட்சி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிய என் படத்தின் கதையை வடபழனி டீக்கடையில் ஒரு மெக்கானிக் நண்பனிடம் சொன்னேன். இருபத்தெட்டாவது காட்சியில் அவன் நெளிய ஆரம்பித்தான், முப்பத்தொன்றில் வடை கேட்டான், முப்பத்து நான்கில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான். நடுவில் இருந்த ஆறு காட்சிகளும் படத்தில் இல்லை. நான்காம் நாள் இறங்கிய படத்தின் கதையை அவனிடம் சொல்லவில்லை. அதற்குள் அவன் துபாய்க்குப் போய்விட்டான்.