தமிழ் விக்கிப்பீடியாவில் நான் எழுதியதை ஒருவர் நீக்கிக்கொண்டே இருக்கிறார். எழுதுவதை விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதினீர்கள், இரண்டு முறையும் ஒரே ஆள் வந்து 'சான்று இல்லை' என்று எடுத்துவிட்டார், அவ்வளவுதானே நடந்தது? என் ஊகம், நீங்கள் எழுதியது வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதாக இருக்கும். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்துக் கோயில்களின் பாதிக் கதை பூசாரி வாயிலும் அப்பாரு வாயிலும்தான் இருக்கிறது. எங்கேயோ இருக்கிற ஒருத்தர், நம் ஊர் மண்ணை மிதித்தே இருக்க மாட்டார், அவர் வந்து நம் கோயிலைப் பற்றி நம்மிடமே சான்று கேட்கிறாரே என்று பற்றிக்கொண்டு வரும். எனக்கும் வந்தது.

நான் அங்கே நிர்வாகி கிடையாது, யாருக்கும் வக்காலத்து வாங்கவும் வரவில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன், கடை சாத்திய பிறகு இரவில் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தளம் அது, அதில் எழுதுவதற்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த ஒரு லட்சத்தில் பெரும்பகுதி எங்களைப் போலத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் எழுதியது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் கதை தீரன் சின்னமலை கட்டுரையில். பெயரைச் சொன்னதும் பின்னூட்டத்தில் கட்சியையும் சாதியையும் இழுத்துக்கொண்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேசுவது ஒரே ஒரு தேதியைப் பற்றி. அவரை எந்தப் பட்டத்தோடு எழுத வேண்டும் என்ற சண்டை தனியாக நடக்கட்டும், அதற்கு நான் வரவில்லை.

சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. அச்சில் பரவலாக இருக்கும் தேதி இது. இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டதும் 2005 ஜூலை 31 அன்றுதான், இருநூறாம் நினைவு நாளில். ஆனால் எங்கள் பக்கம் நினைவு நாள் ஆடிப்பெருக்கு, ஆடி பதினெட்டு. அன்றைக்கு அறச்சலூர் பக்கத்திலே ஓடாநிலை மணிமண்டபத்துக்குப் போனீர்கள் என்றால் வண்டி நிறுத்த இடம் இருக்காது, கொடி கட்டிய கார்கள், மாலைகள், மைக் செட். இப்போதெல்லாம் ஆடி 18 வருவது ஆகஸ்ட் 2 அல்லது 3. ஆகவே ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் யாராவது ஒருவர், பயனர் கணக்குகூடத் தொடங்காதவர், கட்டுரைக்குள் வந்து ஜூலை 31ஐ அழித்துவிட்டு ஆகஸ்ட் என்று போட்டுவிட்டுப் போவார். இன்னொருவர் அதைப் பழையபடி மீளமைப்பார். மறுநாள் இன்னொரு புது ஆள்.

எங்கள் பெரியப்பாவே ஒரு ஆடிப்பெருக்கன்று மண்டபத்து வாசலில் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஏங் கண்ணு, நீதான் இதுல எழுதறயாமா, தேதியத் தப்பாப் போட்டு வெச்சிருக்கறீங்களே, ஆடிப் பதினெட்டு எந்த ஊர்ல ஜூலைல வருது?" என்றார். தேதிக் கோட்டின் மேல் விரலை வைத்தபடியே கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. அவர் சிறு வயதிலிருந்து கும்பிட்டு வந்த நாள் அது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் தமிழ் ஆண்டு பஞ்சாங்கக் கணக்குப்படி 365 நாள், 6 மணி, 12 நிமிடம் சொச்சம். ஆங்கில நாட்காட்டியின் ஆண்டு சராசரியாக 365 நாள், 5 மணி, 49 நிமிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 23 நிமிட வித்தியாசம். அற்பம்தான், ஆனால் இருநூறு ஆண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள், மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது. அதாவது இன்றைக்கு ஆகஸ்ட் 3இல் வருகிற ஆடி 18, சின்னமலை காலத்தில் ஜூலை 31ஐ ஒட்டி வந்திருக்கும். இரண்டு தேதிக்கும் சண்டையே இல்லை! ஊர்க்காரர்கள் சொல்வதும் சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இதை அப்படியே ஒரு பத்தியாக எழுதிக் கட்டுரையில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் பத்தி இல்லை. நீக்கியவர் ஈழத்தமிழர், வெளிநாட்டில் இருப்பவர், எனக்கு முன்பிருந்தே எழுதுகிறவர். தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது மாற்றத்துக்குக் காரணம் எழுதும் வரியில், 'சொந்த ஆய்வு, பேச்சுப் பக்கத்தில் உரையாடலாம்' என்று போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டுரையோடும் அதைப் பற்றி எழுதுபவர்கள் பேசிக்கொள்ள இருக்கும் பக்கம்தான் பேச்சுப் பக்கம். நான் திரும்பச் சேர்த்தேன். அவர் திரும்ப எடுத்தார். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும், நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. அவர் பேச்சுப் பக்கத்தில் எனக்கு நேராக எழுதிவிட்டார்.

அவர் எழுதியதை மறக்க மாட்டேன். உங்கள் கணக்கு எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஆனால் நானும் நீங்களும் சரி என்று சொல்வதால் அது கலைக்களஞ்சியத்தில் ஏறக் கூடாது, நாளைக்கு இன்னொருவர் இதே மாதிரி தப்பான கணக்கு ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தால் அவரை எந்த வாயால் தடுப்பீர்கள், யாராவது இதை அச்சில் எழுதியிருந்தால் கொடுங்கள், நானே சேர்க்கிறேன் என்ற பொருளில் நீளமாக எழுதியிருந்தார், நெடுகிலும் 'ஐயா' போட்டு.

எனக்கு அது உடனே செரிக்கவில்லை. கூட்டல் கழித்தலுக்கு எதற்கு அச்சுச் சான்று என்று கேட்டேன், இன்றைக்கும் என் வாதம் அதுதான். வெறும் கணக்கை யாரும் போட்டுச் சரிபார்க்கலாம், அதைக் கருத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அவரோ, வெறும் கூட்டல் என்றால் சரி, எந்தப் பஞ்சாங்க முறை என்பதை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களே, அங்கேயே அது ஆய்வாகிவிடுகிறது என்றார். அது கெட்டிக்கார பதில், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் விடவில்லை. கோவையில் தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் எபிமெரிஸ் என்ற நாட்காட்டி அட்டவணைத் தொகுதிகளைத் தேடிப் பிடித்தேன். தமிழ் மாதத் தேதிக்கு ஆங்கிலத் தேதி என்ன என்று நாள் வாரியாகப் பார்க்கலாம், கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு அதுதான் கைவிளக்கு. கி.பி. 700இல் தொடங்கி, பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் எண்களாக ஓடி, என் கைக்கு வந்த கடைசித் தொகுதி 1799இல் நின்றுவிட்டது. எனக்கு வேண்டியது 1805! அந்தக் கடைசிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இதையும் பேச்சுப் பக்கத்தில் போட்டேன். அதற்கப்புறம் எங்கள் உரையாடலின் போக்கே மாறிவிட்டது. நான் தூங்கும் நேரத்தில் அவர் எழுதுவார், அவர் தூங்கும் நேரத்தில் நான். தபால்தலை வெளியீட்டுத் தேதியைச் சான்றாகப் போடலாம் என்று கண்டுபிடித்தது அவர். ஓடாநிலைக்கும் அறச்சலூருக்கும் எவ்வளவு தூரம், மண்டபத்தின் படம் கிடைக்குமா, சின்னமலை பிறந்த மேலப்பாளையம் காங்கேயத்துக்கு எந்தத் திசை என்று என்னிடம் கேட்டுக் கேட்டு 1801 காவிரிக்கரைப் போர், 1802 ஓடாநிலை, 1804 அறச்சலூர் என்று பகுதி பகுதியாகச் செப்பனிட்டார். இந்தப் பக்கம் வந்தே இராதவர்! என் வாக்கியங்களில் ஒற்றுப்பிழை திருத்தியதும் அவர்தான். பக்கத்தைப் பூட்டிவிடலாம், புதியவர்கள் கை வைக்க முடியாதபடி செய்யலாம் என்று நான் கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. ஆடிப்பெருக்கன்று தேதியை மாற்ற வருகிறவன்தான் நாளைக்கு நமக்குக் கிடைக்கப்போகும் புது எழுத்தாளன், வாசலிலேயே கதவைச் சாத்தினால் அவன் திரும்ப வர மாட்டான் என்றார். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தேன்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், கட்டுரையில் ஜூலை 31 இருக்கட்டும், ஆடி 18 அன்று நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது தனி வரியாக, சான்றோடு இருக்கட்டும். என் கணக்கு முழுதும் பேச்சுப் பக்கத்தில். அத்தோடு, தேதிக்குப் பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு. 'தொகு' என்பதை அழுத்திப் பெட்டியைத் திறந்தவருக்கு மட்டும் தெரியும்: 'மாற்றும் முன் பேச்சுப் பக்கத்தைப் பாருங்கள், இரண்டு தேதிக்கும் விளக்கம் அங்கே இருக்கிறது.' அதற்குப் பிறகு ஆகஸ்ட் மாதக் கூத்து பெருமளவு குறைந்தது. பெரியப்பாவுக்குப் பேச்சுப் பக்கத்தைக் காட்டினேன். முழுக்கப் படித்தார். "இதைய மேலயே போட்டிருக்கலாமில்ல" என்றார். நானும் அதைத்தானுங்க சொன்னேன் என்றேன்.

இதை இங்கே சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவர் கேட்டாரே என்று வெயில் சாயும் நேரம் பார்த்துப் போய் மண்டபத்தைப் படம் எடுத்து விக்கிப்பீடியாவின் படக்கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், விற்கிற பொருளில்கூடப் போடலாம், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் போதும். நான் விரும்பிக் கொடுத்த உரிமம்தான். அடுத்த வருடம் பார்த்தால் ஒரு கடையின் தினசரிக் காலண்டர் அட்டையில் என் படம், பெயர் கிடையாது. மூலையில் அவர்கள் கடை முத்திரையைப் போட்டு, யாரும் நகல் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வேறு. போன் போட்டுக் கேட்டால் "நெட்ல இருந்து எடுத்ததுங்க, நெட்ல இருந்தா எல்லாருக்கும் பொதுதானுங்களே" என்கிறார்கள். காசு கேட்டேனா? ஒரு வரி, பொடி எழுத்தில் ஒரு வரி பெயர் போட என்ன செலவாகிவிடும்? இலவசமாகக் கொடுப்பவனுக்கு மரியாதையும் இலவசமாகவே போய்விடுகிறது நம் ஊரில். பள்ளி ஆண்டு மலரிலிருந்து விழா அழைப்பிதழ் வரைக்கும் இதே கதை. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியது எங்கும் போய்விடவில்லை. பக்கத்தின் மேலே வரலாறு என்று இருப்பதை அழுத்துங்கள், உங்கள் ஒவ்வொரு பதிப்பும் அப்படியே இருக்கும். அதை நகல் எடுத்து உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழக உங்களுக்கென்று இருக்கும் பக்கத்தில், வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி கட்டுரையில் ஒட்டாதீர்கள், மூன்றாவது தடவையும் எடுக்கத்தான் செய்வார். பேச்சுப் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த வரிக்கு என்ன சான்று இருந்தால் ஏற்பீர்கள் என்று கேளுங்கள். பதிலே வராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் போடுங்கள், அங்கே வேறு யாராவது பார்ப்பார்கள். அவர் நல்லவர் என்று நான் சான்றிதழ் தரவில்லை. சிலர் காரணமே சொல்லாமல் அழிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு அவர் காரணம் எழுதியிருக்கிறாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதையை 'ஊர் வழக்கு' என்று எழுதுவதற்கும் அச்சில் ஒரு இடம் வேண்டும். கும்பாபிஷேக மலர் இருக்கிறதா என்று கோயில் அலுவலகத்தில் கேளுங்கள், பீரோவுக்குள் ஒரு கட்டாவது கிடக்கும். அதை முழுச் சான்றாக ஏற்க மாட்டார்கள், ஆனால் கதையைக் கதை என்று சொல்வதற்குப் போதும். கோயம்புத்தூர் மாவட்டம் அன்றைக்கு ஈரோடு, திருப்பூர் எல்லாம் சேர்ந்து கிடந்தது, அதைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் எழுதிய கையேடு 1887இல் வந்தது, அதில் உங்கள் ஊர்ப் பெயர் அகப்படலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, காசில்லை. கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள், கிடைத்தால் பக்க எண்ணோடு போடுங்கள். கோயில் பெயரையும் வட்டத்தையும் இங்கேயே சொன்னீர்கள் என்றால் என்னிடம் இருப்பவற்றில் நானும் தேடிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.