முதல் செமஸ்டரில் எத்தனை பாடம்?

கேள்வி: செம்பனை ஆலை அலுவலகத்தில் முழுநேர வேலை. பகுதிநேரமாகக் கணினி அறிவியல் முதுகலையில் சேர்கிறேன். முதல் செமஸ்டரிலேயே நான்கு பாடம் எடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாமா? டீப் லேர்னிங்தான் என் விருப்பம்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், இரண்டு போதும். மலேசியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 40 மணி நேரம். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. செமஸ்டரின் 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணிக்கு மேல். நான்கு பாடத்துக்கு 34 மணி! ஆலை வேலையோடு அது நடக்காது.

திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஆய்வேட்டுக்கு முன் பெரும்பாலும் ஆய்வு முறையியல் முடித்திருக்க வேண்டும். டீப் லேர்னிங்குக்கு முன் அதன் அடிப்படையான மெஷின் லேர்னிங், அதாவது தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை. அதற்கும் முன் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைவசம் இருக்க வேண்டும். பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் திறக்கும். மெஷின் லேர்னிங்கைத் தவறவிட்டால் அதன் பின்னால் வருவதெல்லாம் ஓராண்டு தள்ளிப்போகும். அது எந்தச் செமஸ்டரில் திறக்கிறது என்பதைத்தான் துறையில் முதலில் கேளுங்கள்.

மெஷின் லேர்னிங்குக்குத் துணையாக, தேர்வுக்கு அதிக மதிப்பெண் உள்ள பாடம் ஒன்றைச் சேருங்கள். இரண்டிலும் புராஜெக்ட் இருந்தால் கடைசி வாரங்களில் இரண்டு கெடுவும் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். பாடத்தின் பெயர் அழகாக இருக்கிறதே என்று பதியாதீர்கள். பாடத்தை மாற்றும் கெடு முடிவதற்குள் மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்துவிடுங்கள்.