பாலைவன ஏரிக்குள் மூழ்கிக் கிடப்பவற்றைப் பார்க்க ஸ்கூபா டைவிங் போகலாமா? கடலில் பழகியவருக்கு எளிதுதானே?

கேள்வி கேட்ட தம்பி கொடுத்திருக்கும் விவரம்: ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சின்ன வயசிலிருந்தே கிணற்றில் முங்கு நீச்சல் பழக்கம். புதுச்சேரிக் கடலில் ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா முதல்நிலைச் சான்றிதழ் வாங்கியாயிற்று. ஜூலையில் லாஸ் வேகாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். பக்கத்து மீட் ஏரியில் மூழ்கிய விமானம், படகு எல்லாம் பார்க்க ஆசை. "கடல்லயே முங்கியாச்சு, ஏரி எம்மாத்திரம்?" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போகலாம். ஆனால் மூழ்குவதற்காகக் கடலில் கட்டிய ஈய எடையை அப்படியே இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினால் விமானமும் தெரியாது, படகும் தெரியாது. கரம்பை மண்தான் தெரியும்.

கடல் தண்ணீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனமானது. ஆள், சிலிண்டர், குளிர் தாங்கும் நுரை ரப்பர் உடுப்பு எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், கடல் உங்களை மேலே தாங்கிப் பிடித்ததில் 2.5 கிலோ ஏரியில் கிடைக்காது. கடலில் 6 கிலோ ஈயம் கட்டியவருக்கு அதே உடுப்போடு ஏரியில் 3.5 கிலோ போதும். சிக்கல் என்னவென்றால், அதே உடுப்பு அங்கே ஆகாது. ஜூலையில் மேல்தண்ணீர் 27, 28 டிகிரி, நம்ம ஊர் வாய்க்கால் போல வெதுவெதுப்பாக இருக்கும். 10 முதல் 15 மீட்டருக்குள் கோடு கிழித்த மாதிரி தண்ணீர் மாறும். அது கண்ணுக்கே தெரியும், சர்க்கரைப் பாகு கரைவதுபோல நெளியும். அதற்குக் கீழே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். புதுச்சேரியில் போட்ட 3 மி.மீ. உடுப்போடு போனால் கொஞ்ச நேரத்திலேயே கை விறைத்து, கொக்கியைக் கழற்றக்கூட விரல் வளையாது. 7 மி.மீ. உடுப்பு, தலைக்கு ஹூட், கைக்கு உறை மூன்றும் வேண்டும். தடித்த உடுப்பு அதிகமாக மிதக்கும் என்பதால் ஈயத்தைக் கூட்டவும் வேண்டும். நன்னீருக்குக் கழித்து, உடுப்புக்குக் கூட்டி வரும் எண்ணைக் காகிதத்தில் போட முடியாது. தண்ணீரில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

கால் எட்டாத ஆழத்தில், முழு உடுப்போடு, ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சாகத் தரும் கருவி) வாயில் வைத்து, பி.சி.டி.யில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை) உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து அசையாமல் இருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு இதைச் செய்தால், வந்த எடையோடு இன்னும் 2 கிலோ சேருங்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியம் 80 என்ற வழக்கமான அளவுச் சிலிண்டருக்குள் அடைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அது தீரத் தீரச் சிலிண்டர் உங்களை மேலே இழுக்கும். இந்த 2 கிலோவை மறந்தால் கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் பந்து மாதிரி மேலே வந்துவிடுவீர்கள். இன்னொன்று: புது உடுப்பு மாட்டியவுடன் முங்க வரவில்லையே என்று ஈயத்தை அள்ளிப் போடாதீர்கள். உடுப்பு நனைய இரண்டு நிமிடம் ஆகும், உள்ளே மாட்டிய காற்று வெளியேறவும் நேரம் வேண்டும். பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சை வைத்திருப்பதும் ஒரு காரணம்.

தேவைக்கு மேல் ஈயம் போட்டவருக்கு 20 மீட்டரில்தான் தண்டனை. அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உடுப்பில் உள்ள குமிழ்கள் நசுங்கி, மிதக்கும் தன்மை பாதிக்கு மேல் போய்விடும். மேலே சரியாக நின்றவர் கீழே கல்லாக இறங்குவார். தரைக்கு 3 மீட்டர் மேலேயே நின்று, பி.சி.டி.யில் சின்னச் சின்னதாகக் காற்றுவிட்டு, மூச்சாலேயே ஏறி இறங்கும் நிலைக்கு வந்த பிறகு கிட்டே போங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஏரித் தரையில் பொடி வண்டல் படிந்திருக்கும். கடலில் கலங்கினால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். ஏரியில் அது அங்கேயே தொங்கும், உங்களுக்குப் பின்னால் வருகிற கூட்டத்துக்கும் சேர்த்துப் பார்வை கெட்டது. கிணற்றில் சொத் சொத்தென்று உதைக்கிற உதை அங்கே உதவாது. முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தூக்கிவைத்து, தவளை நீச்சல் மாதிரி பக்கவாட்டில் தள்ள வேண்டும். இதை ஊர்க் குளத்திலேயே பழகிக்கொள்ளலாம், செலவில்லை. மீறிக் கலங்கிவிட்டதா? உதைப்பதை உடனே நிறுத்துங்கள். கூட வந்தவர் கையைப் பிடியுங்கள். கொஞ்சம் ஆழமாக மூச்சை இழுத்தால் ஒரு மீட்டர் மேலே வருவீர்கள், பெரும்பாலும் அங்கே தெளிவாக இருக்கும்.

இப்போது ஆழம். நம்ம ஊர்ப் பேப்பரில் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழு மட்டத்தைச் சொல்லி இன்றைய மட்டத்தையும் தினமும் போடுவார்கள். மீட் ஏரியும் அப்படி ஓர் அணைத்தேக்கம்தான், 1935-இல் திறந்து வைத்த ஹூவர் அணை கொலராடோ ஆற்றை மறித்ததால் வந்தது. ஆனால் அங்கே முழு மட்டமாகச் சொல்லும் 1,229 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம், தண்ணீரின் ஆழம் இல்லை. 2022 ஜூலையில் அது 1,040 அடிக்குப் போனது. முன்பு 185 அடி ஆழத்தில் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஹிக்கின்ஸ் படகு அப்போது பாதி வெளியே நின்றது. 1938-இல் மூழ்கிய செயின்ட் தாமஸ் என்ற ஊரின் அஸ்திவாரத்தில் இப்போது நடந்தே போகலாம். ஆகவே "இந்தப் பொருள் 30 மீட்டரில் இருக்கிறது" என்று யாரோ பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதியதை நம்பிப் போகாதீர்கள். அவர் முங்கிய அன்று மட்டம் என்ன, இன்று என்ன என்று கழித்துப் பாருங்கள். உங்கள் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். நேற்றுவரை எட்டாதது இன்று எட்டும், அடுத்த வருஷம் எட்டாமலும் போகும்.

விமானம் ஒரு பி-29, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 1948 ஜூலை 21 அன்று ஏரியில் விழுந்தது, அதிலிருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். 2001-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் கிட்டே போக முடியாது, அந்த அனுமதியும் எல்லா வருஷமும் இருப்பதில்லை. வெறும் ஓப்பன் வாட்டரை வைத்துக்கொண்டு அதைக் கேட்காதீர்கள். அணை கட்டியபோது ஜல்லி பிரித்த ஆலையின் கான்கிரீட் மிச்சங்களும் மூழ்கிய படகுகளும் இருக்கின்றன. ஆழம் ஒத்துவந்தால் அதைப் பாருங்கள். எதற்குள்ளும் நுழைய வேண்டாம், எதையும் எடுக்கவும் வேண்டாம். ஒரு ஆணியை எடுத்தாலும் அங்கே குற்றம்தான். நம்ம வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டு எடுக்கிற உரிமை அங்கே யாருக்கும் கிடையாது.

பொருளின் மேல் சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடப்பவை வெளியிலிருந்து வந்து பரவிய குவாக்கா சிப்பிகள். 2007-இல் அந்த ஏரியில் கண்டார்கள், இப்போது இல்லாத இடமே இல்லை. ஓட்டு விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள். படகுத்துறைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் விட்ட தங்கூசி நரம்பு சுற்றும். அதற்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல் நல்லது, ஒரு கையாலேயே வெட்டலாம். இரும்புப் பொருள் பக்கத்தில் திசைகாட்டி முள் விலகும், இரண்டு மீட்டர் தள்ளி வந்து பாருங்கள்.

"தாமிரபரணியில் முங்கினவனுக்கு இத்தனை சட்டமா" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நான் யார் நீச்சலையும் குறை சொல்லவில்லை. கிணற்று நீச்சல்காரரின் பழக்கமே இங்கே எமன் என்கிறேன். முங்கு நீச்சலில் மூச்சை அடக்க வேண்டும். ஸ்கூபாவில் அடக்கவே கூடாது. 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆழம் அதிகமானால்தான் ஆபத்து என்றில்லை, கடைசி ஒன்றிரண்டு மீட்டரே போதும்.

நம்ம ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறார்கள். அது எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில் வேட்டியும் சேலையுமாகத் தொங்கிக்கொண்டு, காலில் சுற்றினால் நல்ல நீச்சல்காரரையே பிடித்து வைக்கும். மேலே அமலைச் செடி, கீழே பழந்துணி. மூழ்கிய பொருள் பார்க்க பாலைவனம் வரை போக வேண்டுமா என்று சில சமயம் தோன்றும். சரி, விடுங்கள்.

ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் முங்குவதற்கான விதிகள் அங்கேதான் ஆரம்பம். டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) நன்னீர் என்று மாற்றி, உயரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரிய தப்பு முங்கிய பிறகு நடக்கும்: முங்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன், உடனே உயரத்துக்குப் போனால் குமிழாகி நோய் தரும். காலையில் ஏரி, மத்தியானம் கிராண்ட் கேன்யன் என்று அக்கா வீட்டில் திட்டம் போட்டிருப்பார்கள். அதன் தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம்ம கொடைக்கானல். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருமுறை முங்கினால் 12 மணி நேரம், பலமுறை முங்கினால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். மலைக்கும் அதே கணக்கை வையுங்கள். கேன்யனை முதலில் பார்த்துவிட்டு ஏரியைக் கடைசிக்கு முந்தின நாளில் வையுங்கள்.

ஜூலை வெயில் 40-ஐத் தாண்டும், நம்ம கத்திரி தோற்கும். உடுப்பை இடுப்பு வரை மட்டும் மாட்டி, மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், உடம்பு வற்றினால் நைட்ரஜன் நோய் வரும் வாய்ப்பும் கூடும். நிறைந்த சிலிண்டரைப் பூட்டிய காரில் விடக்கூடாது. 27 டிகிரியில் 207 பார் அழுத்தத்தில் இருந்தது 60 டிகிரியில் 230-ஐத் தொடும். படகுகள் ஓடும் ஏரி என்பதால் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட கொடி மிதக்காமல் இறங்கக் கூடாது.

முடிந்ததும் பி.சி.டி.க்குள் இருக்கும் தண்ணீரைக் குழாயைத் தாழப் பிடித்து வடித்து, நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி மறுபடி வடித்து, உள்ளே காற்றடைத்து நிழலில் காயப்போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் அந்த ஈரத்தில் உயிரோடு இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை வேறு எந்த நீர்நிலையிலும் நனைக்காதீர்கள்.

சிலிண்டரும் ஈயமும் அங்கேயே வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியும் கம்ப்யூட்டரும் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆழத்தை அடியிலும், காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யிலும், ஈயத்தை பவுண்டிலும் சொல்வார்கள்: 60 அடி என்றால் உங்கள் 18 மீட்டர், 3,000 என்றால் 207 பார், 700-க்கு வந்தால் 50 பார்தான் மிச்சம். ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு.