பாம்பன் தீவில் புயல்: கேள்வி பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணா, புயல் அறிவிப்பு வந்தால் நாட்டுப்படகை வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) கட்டுவதா, தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொண்டுபோவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, புயல் முடியும்வரை பத்திரமான கரை என்று நம் தீவில் எதுவும் கிடையாது. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். இலங்கையைத் தாண்டி மேற்கே வரும் புயலின் மையம் நமக்குத் தெற்கே போனால் முதலில் வாடை (வடக்குக் காற்று), பிறகு கொண்டல் (கிழக்குக் காற்று), கடைசியில் தெற்குக் காற்று அடிக்கும். வடக்கே போனால் வாடை மேற்காகத் திரும்பி அப்புறம் தெற்குக்கு வரும். எப்படியானாலும் முதல் அடி வடகரைக்கு, பிந்தைய அடி தென்கரைக்கு. மாலையில் குளம் போலக் கிடக்கும் தென்கடலை நம்பி நங்கூரம் போட்டவரின் படகு விடிவதற்குள் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மோதிவிடும். நங்கூரத்தை நம்பாதீர்கள். இஞ்சினைக் கழற்றிவிட்டு, படகை மேட்டுக்கு இழுத்து ஏற்றுங்கள்.

கேள்வி (மதுரை): புயல் நேரத்தில் கடல் உள்வாங்குகிறதே, சுனாமியா?

பதில்: இல்லை. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது ஆழமில்லாத பாக் நீரிணையில் தண்ணீர் விலகிச் சேற்றுத்தரையும் பாசியும் தெரியும். ஆனால் காற்று திரும்பியதும் அதே தண்ணீர் வேகமாக ஏறிவரும். தயவுசெய்து அங்கே இறங்கிச் சங்கு பொறுக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): 1964இல் தனுஷ்கோடி அழிந்த அளவுக்குக் கடல் எழும்பியது எப்படி?

பதில்: கடலை உயர்த்துவது பெரும்பாலும் காற்றுதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். ஆழ்கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லாமல் கரைமேல் ஏறும். தனுஷ்கோடியோ இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்ந்த மணல்திட்டு. அந்தப் புயல் இலங்கையின் வட பகுதியைக் கடந்தும் வலு குறையாமல் வந்தது. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அடித்துச் செல்லப்பட்டது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. அதைப் படித்தவர்கள் யாரும் புயல் எச்சரிக்கையை அலட்சியப்படுத்த மாட்டார்கள்.

கேள்வி (பாம்பன்): துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் பெரிதானால் ஆபத்தும் பெரிதுதானே?

பதில்: முழுக்க அப்படி இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகும் என்பதைத்தான் பிரித்துச் சொல்கின்றன. கடும் அபாயமான 8, 9, 10 கூண்டுகளும் அப்படித்தான். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

கேள்வி (மண்டபம்): ஐயா, புரெவி புயல் வலுவிழந்துவிட்டது என்றார்கள். பிறகு ஏன் அவ்வளவு மழை?

பதில்: வலுவிழந்தது காற்றுதான், ஈரம் அல்ல. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரையருகே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக நகராமல் நின்றது. நின்ற இடத்திலிருந்தே வங்கக்கடல் ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்ததால், வெகு தொலைவில் வடக்கே இருக்கும் சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்குள் வெள்ளம் புகுந்தது. காற்று அடங்கிய பிறகும் தென்கடலில் நெடிய அலை தங்கியிருக்கும். மீன்வளத்துறை அனுமதி வரும்வரை படகை இறக்க வேண்டாம்.