உழவை விட்டதும் மக்காச்சோளம் வெளுப்பது ஏன்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக உழுவதில்லை. அறுத்த மக்காச்சோளத் தட்டையை நிலத்திலேயே பரப்பிவிட்டு, அதிலேயே மறுபடி மக்காச்சோளம் விதைக்கிறேன். யூரியா பழைய அளவுதான். தட்டையின் மேல் தூவுகிறேன். முளைத்த மூன்றாவது வாரமே அடி இலை மஞ்சளாகிறது. திரும்பவும் உழ வேண்டியதுதானா? இடையில் பயறு போட்டால் சரியாகுமா?

பதில்: தயவுசெய்து உழுதுவிடாதீர்கள். உழவை நிறுத்திய இரண்டாம் வருடம் என் வயலும் இப்படித்தான் வெளுத்து நின்றது. பதறிப்போய் அடுத்த விதைப்புக்கு உழுதேன். பயிர் கருகருவென்று வந்தது. ஆனால் அந்தப் பச்சை, மண் சேர்த்துவைத்திருந்த மக்கை, அதாவது மக்கிப்போன இலை, வேர்களின் மிச்சத்தை, கரைத்து வந்த பச்சை. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. அதில் மக்கு 1 சதவீதம் இருந்தாலே சுமார் 1,000 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. ஆண்டுக்கு 10 முதல் 30 கிலோதான் அதிலிருந்து பயிருக்கு விடுபடும். உழும்போது காற்று புகுந்து இந்த விடுபடல் வேகமெடுக்கும். இருப்பும் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் தட்டையில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 60 பங்கு கரிமம் (கார்பன்). அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்தாவது வேண்டும். குறைவதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அது தொலைந்துபோகவில்லை, அவை மடியும்போது திரும்பி வரும். இளம்பயிரால்தான் அதுவரை காத்திருக்க முடியாது. தழைச்சத்து போதாமல்தான் அடி இலை மஞ்சளாகிறது.

பயறு போடலாமா என்கிறீர்களே, அதுதான் சரியான வழி. மண்ணில் நைட்ரேட், அதாவது வேர் உறிஞ்சும் வடிவிலான தழைச்சத்து, நிறைய இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சு கட்டப் பயறு சோம்பும். தட்டை கிடக்கும் வயலில் அது குறைவு. ஆகவே பயறு தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்தே தீரவேண்டும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த முறை விதையை ரைசோபியம் (முடிச்சுக்குள் இருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) நேர்த்தி செய்து விதையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சேர்த்த தழைச்சத்தில் பெரும்பகுதி விதையோடு போய்விடும். செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம். காயை மட்டும் பறித்துக்கொண்டு, செடியை அறுத்து அங்கேயே போடுங்கள். அது சீக்கிரம் மக்கும். அதன் பின்னே மக்காச்சோளம் வரட்டும்.

அப்புறம், யூரியாவைத் தட்டையின் மேல் தூவுவதை நிறுத்துங்கள். தட்டையில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும். விதைக்கும்போதே ஒரு பங்கை, விதையிலிருந்து சற்றுத் தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் வரிசையாக இட்டு மூடுங்கள். இப்போது நிற்கும் பயிருக்கு, பாசனத்துக்குச் சற்று முன்பு யூரியாவை மேலுரமாக இட்டு, உடனே தண்ணீர் விடுங்கள்.