வாசகர் கேள்வி - பதில்: காட்டில் கொடி தேடுவோருக்கு

கேள்வி: ஓரியன்டீரிங் பழக்கம் உண்டு. ரோகெய்னிங்கும் அதுதானே, கொஞ்சம் நீளமாக?

அப்படி நினைத்துப் போனால் முதல் 3 மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். இரண்டுமே வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, காட்டில் நட்டிருக்கும் அடையாளக் கொடிகளைத் தேடிப் பிடிக்கும் போட்டிகள்தான். ஆனால் ஓரியன்டீரிங்கில் பெரும்பாலும் எந்தக் கொடிக்குப் பிறகு எந்தக் கொடி என்பதை நடத்துபவர்களே சொல்லிவிடுவார்கள். ரோகெய்னிங்கில் வரிசை உங்கள் விருப்பம். எல்லாக் கொடிகளையும் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 முதல் 5 பேர் கொண்ட அணி, முழுப் போட்டி என்றால் 24 மணி நேரம். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அந்த நேரத்துக்குள் அதிக மதிப்பெண் சேர்த்த அணியே வென்ற அணி. 1976-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அமைப்பாக உருவெடுத்த விளையாட்டு இது. ராட், கெயில், நீல் என்ற மூவர் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துத்தான் 'ரோகெய்ன்' வந்தது. முதல் உலகப் போட்டி 1992-ல் அதே மாநிலத்தின் பீச்வொர்த்தில் நடந்தது.

கேள்வி: புறப்படுவதற்கு 2, 3 மணி நேரம் முன்னால்தான் வரைபடம் கிடைக்குமாம். அந்த நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

போட்டியின் பாதி அந்த மேசையில்தான் முடிகிறது. முதலில் ஆளுக்கொரு வரைபடத்தில் எல்லாக் கொடிகளையும் மதிப்பெண் வாரியாக வண்ணம் தீட்டுங்கள். பல போட்டிகளில் கொடியின் எண்ணே மதிப்பைச் சொல்லிவிடும்: 74 என்றால் 70 மதிப்பெண். எந்தப் பக்கம் மதிப்பு குவிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததும், கொடிகளில் குண்டூசி குத்தி நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 செ.மீ. நூல் 1 கி.மீ. ஆனால் நூல் பறவை போகிற வழியில் போகிறது, கால் போகாது. அளந்த தூரத்தோடு குறைந்தது கால் பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தைப் புதியவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 மணி நேரம் கூடுதல். அதாவது 10 மீட்டர் இடைவெளி சமஉயரக் கோடு (வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒன்றை ஏறித் தாண்ட 1 நிமிடம். இது நல்ல பாதைக்கான கணக்கு. புதர் மண்டிய காட்டில் மணிக்கு 3 கி.மீ., இரவில் 2 என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

வண்டிப்பாதையும் வேலியும் நிறைந்த பகுதியை இரவுக்கு ஒதுக்குங்கள். குழப்பமான ஓடைப் பள்ளங்களைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். குடிநீர் வைத்திருக்கும் இடங்கள் வழியில் விழ வேண்டும். கடைசி 3 மணி நேரத்துக்கான வழியில், நேரம் போதாவிட்டால் வெட்டிவிடக்கூடிய இரண்டு மூன்று கொடிகள் இருக்கட்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாத திட்டம் திட்டமே அல்ல.

கேள்வி: இரவில் ஓர் ஓடைப் பள்ளத்தில் 40 நிமிடம் தேடியும் கொடி கிடைக்கவில்லை. எங்கே தவறியிருப்போம்?

பெரும்பாலும் பக்கத்துப் பள்ளத்தில் இருந்திருப்பீர்கள். இரவில் எல்லாப் பள்ளமும் ஒரே முகம்தான். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது கால் தானாகவே கீழே இழுக்கும். மரத்தைச் சுற்றும்போதெல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினாலும் விலகல் சேரும். 5 டிகிரி பிசகினால் 1 கி.மீ.க்குள் 87 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள்.

எனவே கொடியை நோக்கி நேராகக் கிளம்பாதீர்கள். அதற்கு 200, 300 மீட்டர் முன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் அடையாளத்தை முதலில் பிடியுங்கள்: பாதை பிரியும் இடம், வேலியின் மூலை. அங்கே நின்று காம்பஸில் கொடியின் திசையைக் குறித்து வைத்து, அடி எண்ணிப் போங்கள். உங்களுக்கு 100 மீட்டருக்கு எத்தனை இரட்டை அடி (இடது, வலது இரண்டும் சேர்ந்து ஒன்று) என்பதை, காட்டிலும் இரவிலும் தனித்தனியாக முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். ஓடையில் இருக்கும் கொடிக்கு வேண்டுமென்றே நீர் வரும் பக்கமாகச் சற்று விலகிக் குறிவையுங்கள். ஓடையைத் தொட்டதும் கீழே திரும்ப வேண்டும் என்று உறுதியாகத் தெரியும். நேராகக் குறிவைத்தவர் மேலா கீழா என்று விழிப்பார்.

10 நிமிடத்தில் கிடைக்கவில்லையா? சுற்றிச் சுற்றித் தேடாமல் அந்த அடையாளத்துக்கே திரும்பி வந்து மறுபடி தொடங்குங்கள். மனசு கேட்காது, ஆனாலும் அதுதான் விரைவான வழி. காம்பஸுக்கு அருகில் கைபேசியோ தலைவிளக்கின் பேட்டரியோ இருந்ததா என்றும் பாருங்கள். ஊசியின் சிவப்பு முனையைத் தலைகீழாக வைத்து எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் நேரும்.

கேள்வி: மூவரில் ஒருவர் மெதுவானவர். அவரைப் பாதை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு மற்ற இருவர் கொடியைத் தொட்டு வரலாமா?

கூடாது. அணியினர் எப்போதும் குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கொடிக்கும் எல்லோரும் 20 மீட்டருக்குள் வர வேண்டும். ஒருவர் போட்டியிலிருந்து விலகினால் அணியே புறப்பட்ட முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். அவர் பையிலிருந்த சுமையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, அவரை முன்னால் நடக்கவிடுங்கள். அவர் பின்தங்கி வந்தால், நீங்கள் நின்று இளைப்பாறி அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவீர்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே இருக்காது.

கேள்வி: கால் கொப்புளம், சாப்பாடு, தண்ணீர்?

குதிகாலில் சூடாக உறுத்தும் அந்த நொடியே நின்று டேப் ஒட்டுங்கள். "அடுத்த கொடியில் பார்க்கலாம்" என்றால் அடுத்த கொடியில் கொப்புளம் இருக்கும். பாதம் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி வரும் முன்பே. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்பது தொடக்கக் கணக்கு. தாகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே மிகையாகக் குடிப்பதும் ஆபத்துதான். நடுவில் முகாமுக்கு வந்து சூடாகச் சாப்பிடலாம். அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் கால் விறைத்துவிடும்.

கேள்வி: ஜி.பி.எஸ். வாட்ச் கட்டலாமா? தாமதமாக வந்தால்?

வழி அறிய வரைபடம், காம்பஸ், சாதாரண கடிகாரம் மட்டுமே. உயரமானி, அடி எண்ணும் கருவிக்கும் இடமில்லை. அவசரத்துக்குக் கைபேசி கொண்டுபோக அனுமதிப்பவர்கள் அதை முத்திரையிட்ட பையில் வைக்கச் சொல்வதுண்டு. தாமதத்துக்கு வழக்கமாக நிமிடத்துக்கு 10 மதிப்பெண் வெட்டு. 30 நிமிடத்தைத் தாண்டினால் சேர்த்தது அத்தனையும் போகும். முகாமுக்கு 2 கி.மீ. இருக்கையில் இன்னொரு 40 மதிப்பெண் கொடி கண்ணடிக்கும். கையில் 1 மணி நேரம் இல்லாவிட்டால் அதைப் பார்க்காதது போல நடந்துவிடுங்கள்.