மகள் பிரீப்ராசசர் எழுதுகிறாள், வேலை கிடைக்குமா?

"கூடப் படிப்பவர்கள் எல்லாரும் வெப் டெவலப்மென்ட் பழகுகிறார்கள். என் மகள் மட்டும் சி மொழிக்குப் புதிய வசதி சேர்க்கிறேன் என்று ஏதோ பிரீப்ராசசர் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதற்கெல்லாம் வேலை உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'பிரீப்ராசசர் எழுத ஆள் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம்தான். அதற்காக இது வெட்டி வேலை இல்லை. எழுதிய புரோகிராம், அதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் கைக்குப் போகும் முன்பே, பிரீப்ராசசர் என்ற இன்னொரு புரோகிராம் அதைப் படித்து, வேண்டியதை எழுதிச் சேர்த்துவிடும். விஷயம் அவ்வளவுதான். 1979இல் பியார்ன் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் என்ற கணினி விஞ்ஞானி சி மொழியில் கிளாஸ் வசதியை (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டுவது) கொண்டுவந்தது இந்த வழியில்தான். சி பிளஸ் பிளஸ் மொழி அதிலிருந்து வளர்ந்தது. இன்றைக்கும் க்யூட்டி என்ற மென்பொருள் தொகுப்பின் மாக், தரவுப் பரிமாற்றத்துக்கான புரோட்டோபஃபின் புரோட்டோசி எல்லாம் புரோகிராம் வரிகளைத் தாமே எழுதித் தரும் கருவிகளே. கம்பைலர், எம்பெடட் (கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருள்), டேட்டாபேஸ் குழுக்களில் இந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. அந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வருவதை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.

வெறும் எழுத்தைத் தேடி மாற்றுவதோடு நிறுத்திவிடாதே, அம்மா. ஸ்ட்ரிங்குக்குள்ளும் (மேற்கோளில் வரும் எழுத்து) கமென்டுக்குள்ளும் (புரோகிராமில் எழுதும் குறிப்பு) இருப்பதைக்கூட அது மாற்றித் தொலைக்கும். முதலில் டோக்கன்களாக, அதாவது பெயர், எண், குறி என்று தனித்தனித் துண்டுகளாகப் பிரி. டோக்கன் அளவில் மாற்றினாலும் பொறி உண்டு: ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் ஸ்கொயர் மேக்ரோவை (பெயரைப் பார்த்த இடத்தில் வேறு வரியைப் போடும் விதி) அடைப்புக்குறி இல்லாமல் 'அ * அ' என்று எழுதி 1+2ஐக் கொடுத்தால் 9 வராது, 5 வரும். ஏன் என்று உன்னால் சட்டென்று சொல்ல முடிய வேண்டும்.

அப்புறம், பெரும்பாலானோர் கோட்டை விடுவது பிழைச் செய்தியில். நீ உருவாக்கிய ஃபைலின் வரி எண்ணைச் சொல்லி கம்பைலர் திட்டும். உன் கருவியைப் பயன்படுத்துபவரோ அந்த ஃபைலைப் பார்த்தே இருக்க மாட்டார். வெளியீட்டில் '#லைன்' வரிகளைச் சேர்த்தால் பிழை மூல ஃபைலின் வரியைக் காட்டும், பிழை தேட உதவும் டீபக்கரும் அங்கேயே நிற்கும். இன்டர்வியூ எடுப்பவர் நானாக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். அடுத்த கேள்வி, "சி பிளஸ் பிளஸின் டெம்ப்ளேட்டோ, ரஸ்ட் மொழியின் மேக்ரோவோ மொழிக்குள்ளேயே கோட் உருவாக்கித் தரும்போது இது எதற்கு?" 'ஜாலிக்கு' என்பது நேர்மையான பதில்தான், ஆனால் அது மட்டும் போதாது.

டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. முதல் சுற்று ஆன்லைன் தேர்வில் உன் பிரீப்ராசசரைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.